சுருட்டுப் பெட்டி கிட்டார் வாங்கப் போகிறவர்கள் இன்ச் டேப்பை மறக்காதீர்கள்

சுருட்டுப் பெட்டி கிட்டாரை முதல்முறை பார்க்கிறவர்களின் கண் பெட்டியில்தான் போய் நிற்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய இசைத்தட்டுகளுக்கும் துருப்பிடித்த ரம்பங்களுக்கும் நடுவே ஒரு மேஜையில் அது கிடந்தது. சிவப்பும் தங்கமுமாக லேபிள் ஒட்டிய பெட்டி, மூலைக்கு மூலை பித்தளைக் காப்பு, நீளமாக ஒரு கழுத்து, மூன்று கம்பி. விற்றவர் ஒரு கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் ஓர் இழுப்பு இழுத்தார். மறுபேச்சில்லாமல் 120 டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விரலால் அழுத்தி வாசித்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் மத்தியமம் ஏறி நிற்கிறது, ஏழாம் ஃப்ரெட்டில் பஞ்சமம் இறங்கி நிற்கிறது. அவர் கண்ணாடிக் குழாயால் மட்டும் ஏன் வாசித்துக் காட்டினார் என்பது அப்போதுதான் உறைத்தது. குழாயைக் கம்பிமேல் வைத்து வழுக்கி வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்கு வேலையே கிடையாது. அது எங்கே இருந்தாலும் காது கண்டுபிடிக்காது.

அதற்குப் பிறகு நாலைந்து வாங்கினேன், மூன்றை நானே செய்தேன், நண்பர்கள் வாங்கியதையும் பிரித்துப் பழுது பார்த்திருக்கிறேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெட்டி மேல்சட்டை மாதிரி, நீங்கள் காசு கொடுப்பது கழுத்துக்கு. எந்தக் குறையை அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம், எதைப் பார்த்தால் வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

இது எங்கிருந்து வந்தது

1840-களுக்கு முன் அமெரிக்காவில் சுருட்டு பெரிய பெட்டகங்களிலும் பீப்பாய்களிலும் போனது. அதற்குப் பிறகுதான் ஐம்பது, நூறு என்று சின்ன மரப்பெட்டியில் அடைத்து விற்கும் பழக்கம் பரவியது. 1860-களில் வரி வசூலுக்காகச் சுருட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பெட்டிமேல் வரி வில்லை ஒட்ட வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பெட்டியில் திரும்பச் சுருட்டு அடைக்கக் கூடாது. அப்புறம் என்ன, காலிப் பெட்டிகள் வீடு வீடாகக் குவிந்தன. அதுவும் லேசான, வாசனையான, நன்றாக அதிரும் சீடர் மரப் பெட்டிகள். கையில் காசில்லாதவனுக்கு அது வீணாகப் போகிற பெட்டியாகத் தெரியவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் கொட்டாங்கச்சியில் மூங்கிலைச் செருகிப் பிடில் செய்து விற்பார்களே, அதே புத்திதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் முகாம்களோடு போய்ப் படம் வரைந்த எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-இல் வெளியிட்ட ஒரு செதுக்கோவியத்தில், சிப்பாய் ஒருவர் சுருட்டுப் பெட்டிப் பிடில் வாசிப்பதைப் பார்க்கலாம். டெக்சாஸின் புளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ் சின்ன வயதில் தானே ஒரு பெட்டியைத் துளைத்துக் கம்பி கட்டிப் பழகியவர். டென்னசியின் ராக் இசைக் கலைஞர் கார்ல் பெர்கின்ஸுக்கு அவர் அப்பா சுருட்டுப் பெட்டியிலும் விளக்குமாற்றுக் கம்பிலும் செய்து கொடுத்ததுதான் முதல் கிட்டார். இன்று அது வறுமைக்காக வாசிக்கிற வாத்தியமில்லை. 2012 டிசம்பர் 12-இல் நியூயார்க்கில் நடந்த புயல் நிவாரணக் கச்சேரியில் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியே ஒன்றை மாட்டிக்கொண்டு வாசித்தார். அதற்கப்புறம் விலையும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது என்பது என் வயிற்றெரிச்சல்.

மூன்று கம்பியில் ஆரம்பியுங்கள்

ஒற்றைக் கம்பியிலிருந்து ஆறு கம்பி வரை கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று கம்பி போதும். ஆறு கம்பியின் இழுவிசையைத் தாங்கக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி பதித்திருக்க வேண்டும். கைவேலைக் கிட்டார்களில் பலவற்றில் அது இருக்காது. மூன்று கம்பி சேர்ந்து சுமார் 30 கிலோ எடைக்கு இழுக்கும். நல்ல மேப்பிள் அல்லது ஓக் கட்டை என்றால் அதைத் தாங்கிவிடும்.

வழக்கமான சுருதி ஜி, டி, ஜி. சாதாரணக் கிட்டார் கம்பி செட்டில் ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். அவ்வளவுதான். இதற்கென்று தனிக் கம்பி தேடி அலைய வேண்டாம்.

ஜி, டி, ஜி என்றால் ச, ப, ச. கும்பகோணத்தில் வீணை சொல்லித்தரும் என் அக்காவுக்கு வீடியோ காலில் மூன்று கம்பியையும் மீட்டிக் காட்டினேன். "டேய், இது மந்தரம், பஞ்சமம், சாரணிடா! அனுமந்தரத்த மட்டும் கழட்டி வெச்சுட்டானா உங்க ஊர்க்காரன்?" என்றாள். அவள் சொன்ன நாலும் வீணைக் கம்பிகளின் பெயர். வீணை தெரிந்தவர்கள் இந்த வாத்தியத்தில் ஒரே நாளில் பாட்டு எடுத்துவிடுவார்கள். மற்றவர்களுக்கும் கஷ்டமில்லை. ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து மூன்று கம்பியையும் அழுத்தினால் முழுச் சுரச் சேர்க்கை கிடைக்கும். ஐந்தாம் ஃப்ரெட், ஏழாம் ஃப்ரெட், எங்கும் அழுத்தாமல் விட்ட திறந்த கம்பி, இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடித்தாலே புளூஸ் மாதிரி ஒன்று வந்துவிடும்.

அமெரிக்காவில் கைவேலை மூன்று கம்பிக் கிட்டார் சாதாரணமாக 100 முதல் 300 டாலருக்குள் விற்கும். மேலே போகப் போக நீங்கள் கொடுப்பது பிக்கப்புக்கும் (சத்தத்தை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) அலங்காரத்துக்கும் செய்தவரின் பெயருக்கும். சத்தத்துக்கு அல்ல. நானே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு நியூ ஹாம்ப்ஷயரின் சி. பி. கிட்டி போன்ற கடைகள் கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு), ஃப்ரெட் கம்பி, கழுத்துக் கட்டை எல்லாம் தனித்தனியாக விற்கின்றன. காலிப் பெட்டி வேண்டுமென்றால் சுருட்டுக் கடையில் கேளுங்கள். சில டாலருக்குத் தருவார்கள். சில இடங்களில் சும்மாவே தள்ளிவிடுவார்கள்.

கையில் எடுத்ததும் டேப்பை நீட்டுங்கள்

முதலில் பெயர்கள். கழுத்தின் தலைப் பக்கம் கம்பிகள் ஏறி வரும் சின்னக் கட்டைக்கு நட் என்று பெயர். பெட்டிமேல் கம்பிகளைத் தாங்குவது குதிரை. கிட்டார்காரர்கள் அதை பிரிட்ஜ் என்பார்கள். ஃப்ரெட் ஏற்கெனவே சொன்னதுதான், வீணையின் மெட்டு.

நட்டின் விளிம்பில் டேப்பை வைத்துப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கிட்டாரின் கம்பி நீளம். பெரும்பாலும் 25 அங்குலத்தை ஒட்டி, அதாவது 635 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இனி மூன்றே கணக்கு:

பன்னிரண்டாம் ஃப்ரெட் பாதித் தூரம். ஏழாவது மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாவது கால் பங்கு.

635 மில்லிமீட்டர் கிட்டாரில் இவை 317.5, 211, 159 என்று வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. என் முதல் கிட்டாரில் ஏழாவது 206-இலும் ஐந்தாவது 165-இலும் இருந்தன. செய்தவர் பென்சிலையும் கண் மதிப்பையும் நம்பி அறுத்திருக்கிறார். ஐந்தாறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். காதில் அது அரைச் சுரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்துக் கம்பி ச-வில் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது பல் கூசும்.

டேப் இல்லாவிட்டாலும் கண்ணால் பிடிக்கலாம். நட்டிலிருந்து பெட்டியை நோக்கிப் போகப் போக ஃப்ரெட்டுகளின் இடைவெளி படிப்படியாகக் குறுகிக்கொண்டே போக வேண்டும். எங்காவது குறுகி, திரும்ப அகன்றால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். எனக்கு அது கண்ணெதிரே இருந்தது. நான் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெட்டே இல்லாத, கோடு மட்டும் போட்ட கிட்டார்களும் உண்டு. அவை ஸ்லைடு, அதாவது குழாயால் வழுக்கி வாசிப்பதற்கென்றே செய்தவை. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விரலால் அழுத்தி வாசிக்க நினைக்கிறவர் தெரியாமல் அதை வாங்கிவிடக் கூடாது.

அடுத்தது கழுத்தின் நேர்த்தி. தச்சர்கள் சட்டத்தை ஒற்றைக் கண்ணில் பார்ப்பார்களே, அதுபோலத் தலைப் பக்கத்திலிருந்து பெட்டியை நோக்கிப் பாருங்கள். நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய கட்டைக்கு வைத்தியம் கிடையாது. முன்பக்கமாக வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருந்தால் அது சரியான வளைவு. இரண்டு மூன்று கார்டு சுலபமாகப் போனால் கட்டை கம்பியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. மெல்லிய கம்பி மாற்றினால் கொஞ்சம் மீளும், முழுக்க மீளாது.

தலையைப் பாருங்கள். கம்பி நட்டைத் தாண்டியதும் கீழ்நோக்கி இறங்கிப் போக வேண்டும். அதற்காகத் தலையைச் சாய்த்துச் செய்வார்கள், அல்லது கழுத்தின் மட்டத்திலிருந்து கொஞ்சம் செதுக்கி இறக்கியிருப்பார்கள். இரண்டும் இல்லாமல் தட்டையாக விட்டிருந்தால் கம்பி நட்டில் அழுந்தாது, திறந்த கம்பி ஈ பறக்கிற மாதிரி இரையும். இது சின்னக் குறைதான். நட்டுக்கும் கீக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூவும் வாஷரும் போட்டுக் கம்பியைக் கீழே அமுக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் விலை பேச நல்ல காரணம்.

பெட்டிக்கு வருவோம். மூடியை விரல் மூட்டால் தட்டுங்கள். குதிரை இருக்கும் இடத்தில் டொம்மென்று சத்தம் விரிய வேண்டும். தட்டையாக, கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தால் உள்ளே போகும் கழுத்துக் கட்டை மூடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான கிட்டார்களில் ஒரே கட்டை பெட்டியை ஊடுருவி வால் பக்கம் வரை போகும். மூடி அதிர இடம் வேண்டுமென்பதால், தெரிந்தவர்கள் அந்தக் கட்டையை மூடிக்குக் கீழே சில மில்லிமீட்டர் செதுக்கி விட்டிருப்பார்கள். ரொம்பச் செதுக்கினாலும் ஆபத்துதான். பெட்டிக்குள் கழுத்து நுழையும் இடத்தில் கட்டை பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் என்றைக்காவது அங்கேதான் ஒடியும். கீல் போட்டுத் திறக்கும் பெட்டியாக இருந்தால் தயங்காமல் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பெட்டியும் சீடர் மரம் இல்லை. இன்றைக்கு வருவதில் நிறைய, ப்ளைவுட்மேல் அச்சடித்த தாள் ஒட்டியவை. அதனால் மோசம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட் மூடி நன்றாகவே பேசும். அட்டைப் பெட்டி மட்டும் வேண்டாம், குதிரைக்கு அடியில் உள்வாங்கிவிடும். "கியூபா பெட்டி சார்" என்று கூடுதல் விலை சொன்னால் அடிப்பக்கம் சூட்டு முத்திரையைத் தேடுங்கள். கியூபாவிலிருந்து வந்தது என்றால் ஸ்பானிய மொழியில் 'எச்சோ என் கூபா' என்று பொறித்திருக்கும். கொஹீபா, ரோமியோ இ ஹுலியேட்டா போன்ற பெயர்களில் டொமினிகன் குடியரசிலும் சுருட்டு செய்கிறார்கள். அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தை 1962-இல் தடை செய்ததால், அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரோடு இருப்பது பெரும்பாலும் டொமினிகன் பெட்டிதான். சத்தத்தில் வித்தியாசம் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள். எனக்குக் கேட்டதில்லை.

பார்க்காமல் இணையத்தில் வாங்கினால்

விற்பவரிடம் நான்கு விஷயம் எழுதிக் கேளுங்கள்: கம்பி நீளம் எவ்வளவு, கழுத்து என்ன மரம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், பிக்கப் என்ன வகை. உண்மையில் செய்தவர் என்றால் கேள்வி முடிவதற்குள் பதில் வரும். "சத்தம் அருமையா இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படம் ஒன்று, கழுத்தை நேர் மேலிருந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். முடிந்தால் ஒரு கம்பியைத் திறந்தும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலால் அழுத்தியும் மீட்டுகிற சின்ன வீடியோ. ஸ்லைடு வாசிப்பு வீடியோ மட்டும் அனுப்பினால் என் 120 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

பார்சலில் வந்த கிட்டார் அபசுரமாக இருந்தால் உடனே திட்டி எழுதாதீர்கள். பலவற்றில் குதிரையை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும், வழியில் நகர்ந்திருக்கும். அதனால் முதல் வேலை குதிரையை அதன் இடத்தில் உட்காரவைப்பது.

நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை உள்ள தூரத்தை இரு மடங்காக்கி, அதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வால் பக்கமாகத் தள்ளி வையுங்கள். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இறுகி சுருதி ஏறும் என்பதால் இந்தக் கூடுதல். பிறகு சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி, மணி மாதிரி எழும் ஓசையை ட்யூனர் செயலியில் பாருங்கள். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் குதிரையை நட்டைவிட்டு விலக்குங்கள், இறங்கியிருந்தால் நட்டை நோக்கி நகர்த்துங்கள். தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பின்வாங்க வேண்டியிருக்கும், குதிரை லேசாகச் சாய்ந்து நிற்கும். அது கோணல் அல்ல, அதுதான் சரி. நின்ற இடத்தை மெல்லிய பென்சில் கோட்டால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் குதிரை விழாது.

கம்பியின் உயரம் நீங்கள் எப்படி வாசிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விரலால் வாசிக்க, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் இரண்டு மில்லிமீட்டர் சுகம். ஸ்லைடு மட்டும் என்றால் நாலு முதல் ஆறு வரை போகலாம். குழாய் ஃப்ரெட்டில் இடிக்காது. இரண்டும் வேண்டுமென்றால் மூன்றில் சமாதானம் செய்துகொள்ளுங்கள். குதிரை மரத்தால் ஆனது என்றால், கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து இறக்கலாம். தேய்க்கத் தேய்க்க மாட்டிப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது விரல் நோகிறதா, சுருதி ஏறுகிறதா? அப்படியானால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. கம்பியை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள சந்தைப் பாருங்கள். ஒரு தாளின் கனம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் ஊசி அரத்தால் நாலு இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, திரும்ப நாலு இழுப்பு. கீயைத் திருகும்போது டிங் என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதித்தால், கம்பி பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்தில் நாலு தரம் கீறுங்கள், கிராஃபைட் பொடி வழுக்கிவிடும்.

புதுக் கம்பி இரண்டு நாள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்குக் கீயைக் குறை சொல்லக் கூடாது. அதற்குப் பிறகும் இறங்கினால் கீயின் பல்சக்கரத்தின் நடுவில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்குங்கள்.

இரைச்சல்தான் எல்லோரையும் பைத்தியமாக்குவது. எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. அந்தக் கட்டையை மாற்றுங்கள். அல்லது மரப்பொடியும் சூப்பர் க்ளூவும் பள்ளத்தில் வைத்துக் காயவிட்டுப் புதிதாக அறுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. ஏடிஎம் அட்டையின் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படும்படி நிற்கவைத்து ஆட்டினால், தூக்கியது நடுவில் இருக்கும்போது அட்டை தராசு மாதிரி ஆடும். அந்த ஃப்ரெட்டின்மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். பாதி நேரம் அதிலேயே உட்கார்ந்துவிடும். உட்காராவிட்டால் அரம்.

எந்தக் கம்பியை எங்கே அழுத்தினாலும் ஏதோ ஒன்று கிடுகிடுக்கிறது என்றால் அது கம்பியே இல்லை. நண்பர் ஒருவரின் கிட்டாரில் இதை இரண்டு நாள் தேடினேன். கீ எல்லாம் இறுக்கினேன், ஃப்ரெட்டைத் தட்டினேன், பெட்டிக்குள் பஞ்சுகூட வைத்தேன். கடைசியில் பார்த்தால் பெட்டியின் முன்பக்கம் சுருட்டுக் கம்பெனியே போட்ட குட்டிப் பித்தளைக் கொக்கி. ஜி சுருதியில் மட்டும் அது தன் வளையத்துக்குள் நடனம் ஆடியிருக்கிறது. கொக்கியில் நாலு சுற்று தையல் நூல் சுற்றினேன், அடங்கியது. ஆகவே, ஒரு கையால் கம்பியை மீட்டிக்கொண்டே மறு கையால் கொக்கி, கீல், மூலைக் காப்பு, கீயின் வாஷர், உள்ளே உரிந்து தொங்கும் லேபிள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். தொட்டதும் எது அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் ஊர்களில் மரம் சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது. கழுத்தோரமாகத் தடவினால் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். சின்ன அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். கழுத்து கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

பிக்கப் தொல்லைகள்

மலிவான கிட்டார்களில் இருப்பது அதிர்வை மின்சாரமாக்கும் பியெஸோ தகடு. பழைய ஐம்பது காசு நாணயம் அளவில் வட்டமான பித்தளை, நடுவில் வெள்ளைப் பூச்சு. மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். இதன் பலமும் தொல்லையும் ஒன்றுதான், பெட்டியில் படுவதையெல்லாம் கேட்கும். சட்டைப் பொத்தான் உரசினாலும் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இடி விழும். தகட்டை நேரடியாக மூடியில் ஒட்டாமல், மெல்லிய கார்க் அல்லது மெத்தைத் துண்டு வைத்து, மேலே ஹாட் க்ளூவால் மூடினால் பாதி இரைச்சல் போய்விடும்.

ஓயாமல் ஹம் என்ற ரீங்காரம் கேட்டால், ஆம்பின் ஒயரைச் செருகும் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின் பித்தளை விளிம்பிலிருந்து வரும் ஒயர் ஜாக்கின் வெளி உறைப் பக்கமும், வெள்ளைப் பூச்சிலிருந்து வருவது நுனிப் பக்கமும் போக வேண்டும். மாற்றிப் பற்றவைத்திருந்தால் ஹம்மடிக்கும். திரும்பப் பற்றவைக்கும்போது வெள்ளைப் பூச்சில் சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், பூச்சு உரிந்து வந்துவிடும். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகிவிட்டு "தகரம் மாதிரி கேட்குது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பியெஸோவுக்கு அந்த நுழைவு பொருந்தாது, கீழ்ச் சுரமெல்லாம் வழியிலேயே செத்துப்போகும். கிட்டார் ஆம்ப் அல்லது நடுவில் சிக்னலைச் சரிப்படுத்தும் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும்.

காந்தப் பிக்கப் என்றால் ஹம் வரும்போது கம்பியைத் தொட்டுப் பாருங்கள். கம்பியைத் தொட்டும் குறையாமல், ஜாக்கின் உலோக உறையைத் தொட்டதும் குறைந்தால் கம்பிகளுக்கு எர்த் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வால் பக்கம் கம்பி தொடும் உலோகத்திலிருந்து ஜாக்கின் உறைக்கு ஓர் ஒயர் ஓட்டினால் தீர்ந்தது.

திருத்தவே முடியாத கிட்டாரை என்ன செய்வது

முறுக்கிய கழுத்தையும் இடம் தப்பிய ஃப்ரெட்டையும் திருத்த முடியாது என்றேன். கழுத்து முறுக்கினால் பெட்டியையும் கீயையும் கழற்றி வைத்துக்கொண்டு புதுக் கட்டை போடுவதுதான் வழி. ஃப்ரெட் தப்பியிருந்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு ஸ்லைடு கிட்டாராக்கிவிடுவது. என் முதல் கிட்டாரில் அதைத்தான் செய்தேன்.

ஒவ்வொரு ஃப்ரெட்டின் மேலும் சால்டரிங் அயர்னை மெதுவாக ஓட்டிச் சூடாக்கி, முனை தட்டையான கட்டிங் பிளேயரால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தேன். அவசரப்பட்டால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். எனக்கு இரண்டு இடத்தில் பெயர்ந்தது. காலியான பள்ளங்களை அப்படியே விடக் கூடாது, கழுத்து பலமிழந்து வளையும். மெல்லிய மரச் சீவலைப் பசையோடு செருகி, மறுநாள் சீவி, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்தேன். நட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கால் அங்குல போல்ட் ஒன்றைக் கிடத்தினேன். அதன் மரைகளிலேயே கம்பிகள் உட்கார்ந்துகொண்டன, உயரமும் கிடைத்தது. பிறகு டேப்பை வைத்து 159, 211, 317.5 என்று எல்லாக் கோடும் அதனதன் இடத்தில் கறுப்பு மையால் போட்டேன். ஃப்ரெட் கிட்டாரில் விரலைக் கோட்டுக்குப் பின்னால் வைப்போம். இதில் குழாய் கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். அது பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு ராத்திரி அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஞ்சமம் நிக்குதுடா. மத்தியமம் இன்னும் ஏறுது. கோட்டுவாத்தியக்காரா மாதிரி கைய லேசா பின்னால வாங்கு."

கோட்டுவாத்தியத்துக்கும் மெட்டு கிடையாது, கட்டையை வழுக்கித்தான் வாசிப்பார்கள். இந்தத் தடவை ஃப்ரெட்மேல் பழிபோட வழியில்லை. கையைப் பின்னால் வாங்கினேன்.